ஓர்ட்டாவிலிருந்து கண்டிக்கு: நிலக்காட்சி ஓவியம் பற்றிய ஒரு குறிப்பு

பிரித்தானியர் ஆட்சியிற் கண்டியை வரைந்தோர் பலர். ஏரி, அதன் பின்னே மலை, மலைமேல் மூடுபனி. இவற்றை உயரத்தில் நின்று ஒற்றைக் கண்ணாற் காண்பது அவர்தம் மரபு. நிலத்தை உடைமையாகக் கண்டவனின் நோக்கு அது.

இவ்வொற்றை நோக்கை ஐரோப்பாவிலேயே உடைத்த படைப்புக்களுள், ஸ்பானிய ஓவியர் பிக்காசோ 1909 கோடையில் ஓர்ட்டா என்னும் மலைக்கிராமத்திலே தீட்டிய தைலவர்ண நிலக்காட்சிகள் முக்கியமானவை. அங்கே கோடுகள் தூரத்துப் புள்ளியொன்றிற் குவிவதில்லை. வீடுகள் ஒன்றன்மேலொன்றாக எழுகின்றன. ஒவ்வொரு சுவரும் தனக்கெனக் கோணத்தையும் ஒளியையும் கொள்கிறது. காண்போன் நிற்பதற்கு நிலையான ஓரிடமில்லை.

கண்டியிற் பிறந்து திரித்துவக் கல்லூரியிற் பயின்ற ஜோர்ஜ் கீற் (1901–1993) இக்கனவடிவ முறையைத் தமதாக்கியவர். 1943இல் தோன்றிய '43 குழுவினருள் ஒருவர். அவரைப் பிக்காசோவின் நகலென்போர் உளர். அது மேலோட்டமான கூற்று. கோணங்களைத் தழுவியோடும் அவரது வளைகோடு விகாரைச் சுவரோவியங்களுக்கும் இந்தியச் சிற்பங்களுக்கும் உறவானது. ஆயினும் அவர் தூரிகை பெரிதும் நாடியது காதலரையும் தெய்வங்களையுமே. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய தேயிலைச் செய்கையால் உருமாறிய மலைகளும், அவற்றை நிரைநிரையாக வகுத்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் அக்கோணங்களுக்குட் போதிய இடம் பெறவில்லை என்பதே எமது மதிப்பீடு. அச்சரிவுகளைக் காட்ட ஒற்றைக் கோணம் போதாதென்பதைக் கண்டியிலிருந்து அட்டனுக்கு ரயிலேறியோர் அறிவர்.