நியமித்த வாசகமும் அகதிகளின் செவியும்

மவுண்ட் ஆல்பர்ட்டில் சென். லூக்ஸ் என்றால் நம் பிள்ளைகளுக்குப் பேரங்காடியே நினைவுக்கு வரும். அப்பெயர் அங்குள்ள புனித லூக்கா ஆலயத்திலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். லூக்காவின் நற்செய்தி மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஓராண்டு முழுவதும் ஆலயங்களில் முதன்மை பெறுகின்றது. எஞ்சிய இரு ஆண்டுகளும் மத்தேயுவுக்கும் மாற்குவுக்கும் உரியன. யோவான் இடையிடையே வருவார். 1992இல் வெளியான திருத்திய பொது வாசக அட்டவணையின் ஒழுங்கு இது. இதற்கு முன்னோடி 1969இல் வெளிவந்த கத்தோலிக்க அட்டவணை. பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், நற்செய்தி என ஞாயிறுதோறும் நான்கு வாசகங்கள் அதில் நியமிக்கப்பட்டுள்ளன.

தன் விருப்பப்படி வசனம் தேரும் போதகர் தமக்குப் பிடித்த பத்துப் பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருவார். அகதிச் சபையிலோ ஆறுதல் வசனங்களையன்றி வேறெதையும் தொடத் துணியார். அட்டவணை அவ்வாறு தப்பிக்க விடுவதில்லை.

மத்தேயு ஆண்டில் கிறிஸ்து பிறப்புக்குப் பின்வரும் முதல் ஞாயிற்றை எடுத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் 28 அத்தகைய நாள். ஒக்லாந்தில் அது கோடை விடுமுறைக் காலம். இருக்கைகள் பாதி வெறுமையாயிருக்கும். வாசகமோ எகிப்துக்கு ஓடிய குடும்பத்தையும் ஏரோது கொன்ற குழந்தைகளையும் பற்றியது. இயேசுவும் அகதியே என்று கூறி முடிப்பது எளிது. தப்பிய குழந்தை ஒன்று, தப்பாதன பல என்ற கணக்கை அந்த இருக்கைகளில் இருப்போர் நன்கறிவர். அதைத் தொடாத பிரசங்கம் அவர்கள் செவியில் ஏறாது.

சொற்களிலும் கவனம் வேண்டும். லூக்கா ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் எபிரெயர் 11ஆம் அதிகாரம் வரும். 2025இல் அது 10ஆந் திகதி வந்தது. ஆபிரகாமின் வழிவந்தோரைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘பரதேசிகள்’ என்கின்றது. பிறதேசத்தார் என்பதே அதன் நேர்பொருள். ஆனால் நம் ஊர்ப் பேச்சில் அது வசைச்சொல். முகாமில் வரிசையில் நின்றவர் அதனை விளக்கமின்றிக் கேட்டால் என்ன நினைப்பார்? எனவே திங்கட்கிழமையே நான்கு வாசகங்களையும் உரக்கப் படித்தல் நன்று. பழைய மொழிபெயர்ப்புடன் 1995இன் பொது மொழிபெயர்ப்பையும் அருகில் வைத்து, எச்சொல் இடறுகின்றது எனக் குறித்துக்கொள்ளலாம். விளக்க நூல்களைப் புதன்கிழமைக்கு முன் திறவாதிருத்தல் நலம். வகுப்புக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியரும் பாடத்தைப் படித்த பின்னரன்றோ வழிகாட்டி நூலை நாடுவார்!

எல்லாவற்றினும் கடினமானது 137ஆம் சங்கீதம். பாபிலோன் ஆற்றங்கரையில் அழுத அகதிகளின் பாட்டு அது. லூக்கா ஆண்டின் அக்டோபர்த் தொடக்கத்திற்கு மாற்றுச் சங்கீதமாகக் குறிக்கப்பட்டுள்ளது. தவக்கால ஞாயிறு ஒன்றில் இதனைப் பாடும் கத்தோலிக்க அட்டவணை ஆறாம் வசனத்துடன் நிறுத்திக்கொள்கின்றது. பொது அட்டவணையோ பகைவரின் குழந்தைகளைக் கல்லில் மோத விழையும் ஒன்பதாம் வசனம் வரை முழுவதையும் தருகின்றது. நிறுத்திவிடுவதே நாகரிகம் எனச் சிலர் கூறுவர். நான் அதற்கு உடன்படேன். அந்த வெறியை நம்மவர் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ஆலயத்துக்கு வருகின்றனர். திருமறையிலும் அது உண்டென்று அறிந்தால்தான் அதனைக் கடவுள் முன் வைக்கத் துணிவர். அது கட்டளையன்று, ஓலம் என்பதைப் போதகர் தெளிவாகச் சொல்லவேண்டும். அவ்வசனத்தை யார் வாசிப்பது என்பதையும் சனிக்கிழமைக்கு முன்னரே தீர்மானித்தல் வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கையில் அந்தத் தாளைக் கொடுத்தல் ஆகாது.