பொட்டலத்தின் மேல் ஓர் இதயச் சின்னம்

உணவுப் பொட்டலங்களின் மேல் நாம் காணும் இதயச் சின்னங்களுள் பல, இதயநலத் தொண்டு நிறுவனம் ஒன்று கட்டணம் பெற்றுக்கொண்டு உணவு நிறுவனத்துக்கு வழங்கும் உரிமங்களாகும். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் ஓட்ஸ், எண்ணெய், சூப் டப்பா ஆகியவற்றோடு இச்சின்னங்கள் நம் வீடுகளுக்கும் வந்துசேர்கின்றன. இதயச் செயலிழப்புக்கு மருந்துண்ணும் முதியவர் ஒருவர், சின்னத்தை நம்பி, உப்பைப் பற்றிய கவலையின்றி ஒரு டப்பா சூப்பையும் ஒரே வேளையில் அருந்திவிடக்கூடும். ஆகவே இந்த உரிமங்கள் எவ்வாறு வழங்கப்படுகின்றன, வழங்குவோர் எவற்றை ஆராய்கின்றனர், எங்கே சறுக்குகின்றனர் என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் ஓரளவேனும் அறிந்திருப்பது நலம்.

தொண்டு நிறுவனத்தின் பெருஞ்செல்வம் அதன் பெயர். பல்லாண்டுகளாக மக்கள் வைத்த நம்பிக்கை அப்பெயரிலும் சின்னத்திலும் சேர்ந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கும் விழிப்புணர்வுப் பணிக்கும் நன்கொடை போதாதபோது, அந்தப் பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கு வணிகரிடம் வாடகைக்கு விடும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது. வாடகைக்கு விட்ட வீட்டில் சுவர் பழுதானால் பூசிக்கொள்ளலாம். பெயருக்கு நேரும் பழுதைப் பூசுவதற்குச் சுண்ணாம்பு கிடையாது.

அமெரிக்க இதயச் சங்கம் 1980-களின் இறுதியில் ‘ஹார்ட்கைடு’ என்னும் திட்டத்தை வகுத்து, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் எதிர்ப்பால் 1990-இல் அதைக் கைவிட்டது. பின்னர் 1995-இல் ‘ஹார்ட்-செக்’ என்னும் சான்றுச் சின்னத்தை அறிமுகப்படுத்தியது. எனினும், இத்தகைய உரிமத்தின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே காட்டுவது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ‘டிக்’ திட்டமே என்பது என் கருத்து.

ஆஸ்திரேலிய இதய அறக்கட்டளை 1989-இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பிக்கும் உணவில் நிறைகொழுப்பு, உப்பு முதலியன அந்த உணவு வகைக்கென வகுத்த வரம்புக்குள் இருத்தல் வேண்டும். ஆய்வகச் சோதனையில் தேறிய பின்னரே உரிமக் கட்டணமும் சரிக்குறி வடிவிலான சின்னமும். சிலகாலம் கழித்து நியூசிலாந்தின் இதய அறக்கட்டளையும் இதே முறையைப் பின்பற்றியது. வரம்பைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன: சின்னத்தை மறப்பது, அல்லது உப்பைக் குறைப்பது. பல நிறுவனங்கள் இரண்டாவதைத் தேர்ந்தன. நியூசிலாந்தில் 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரையிலான ஓராண்டை ஆராய்ந்தவர்கள், இத்திட்டத்தின் விளைவாக ஏறத்தாழ 33 டன் உப்பு அந்நாட்டு மக்களின் உணவிலிருந்து நீங்கியதாகக் கணக்கிட்டனர். அங்கே மாற்றியமைக்கப்பட்ட காலையுணவுத் தானியங்களில் சோடியம் சராசரியாக 61 விழுக்காடும், ரொட்டியில் 26 விழுக்காடும் குறைந்தன. சின்னத்தைப் பார்த்தறியாதவர்களும், பார்த்தும் பொருட்படுத்தாதவர்களும்கூட இதனால் பயன்பெற்றனர். தம் அறிவுரையால் இவ்வளவு உப்பைக் குறைத்த மருத்துவர் ஒருவரையும் நான் அறியேன்!

கட்டணத்துக்கு முன்னால் நிபந்தனை நின்றதே இந்த வெற்றிக்குக் காரணம். ஆயினும் அந்த நிபந்தனைக்குள் ஒரு நுட்பம் இருந்தது. பாலாடைக்கட்டியை ஏனைய பாலாடைக்கட்டிகளோடும், இறைச்சிப் பணியாரத்தை ஏனைய இறைச்சிப் பணியாரங்களோடும் ஒப்பிட்டே சின்னம் வழங்கப்பட்டது. ‘தன் இனத்துள் இது மேலானது’ என்பதே அதன் பொருள். கடைக்கு வந்தவரோ ‘இது இதயத்துக்கு நல்லது’ என்று படித்துக்கொண்டார். 2007-இல் மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் சில உணவுத் தொகுப்புகளுக்கும் அச்சின்னம் கிடைத்தபோது, இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையே இருந்த தொலைவு ஊரறிய வெளிப்பட்டது. சமையல் எண்ணெயை மாற்றியது உண்மையிலேயே நற்செயல் என்றனர் ஒரு சாரார். ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் பணம் பெறும் அறக்கட்டளை எப்படி நடுநிலையோடு தீர்ப்பளிக்கும் என்று கேட்டனர் மறுசாரார். 2011-இல் துரித உணவகங்களுக்கான உரிமம் நிறுத்தப்பட்டது. 2015-இல், அரசு ஆதரவோடு நட்சத்திரக் குறியீட்டு முறை வந்துவிட்ட நிலையில், திட்டம் முழுவதற்குமே அறக்கட்டளை விடைகொடுத்தது.

இதைவிடக் கடுமையான சறுக்கல் ஒன்று மருந்துத் துறையில் நேர்ந்தது. 1994-இல் அமெரிக்க மூட்டழற்சி அறக்கட்டளையின் பெயரையே தாங்கிய வலிநிவாரணி மாத்திரைகளை மெக்நீல் என்னும் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறக்கட்டளைக்கு ஆண்டுதோறும் பத்து லட்சம் டாலர் உறுதியளிக்கப்பட்டிருந்தது. மாத்திரைகளுக்குள் இருந்தவையோ ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், அசெட்டமினோஃபென் போன்ற பழகிய மருந்துகளே. அறக்கட்டளை முயன்று கண்டறிந்த புதுமருந்து என்று மக்களை எண்ணவைக்கும் விளம்பரம் இது எனப் பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் குற்றஞ்சாட்டினர். 1996-இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, அந்நிறுவனம் ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. மருந்தகத்தில் சில காசுகளுக்குக் கிடைக்கும் மாத்திரையை, பெயரை நம்பி வாங்கிய மூட்டுவலிக்காரரின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு, 1999-இல் பதினாறு மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் சேர்ந்து, தொண்டு நிறுவனங்களின் பெயரை வணிக விளம்பரத்தில் பயன்படுத்துவது குறித்து அறிக்கை ஒன்றை வெளியிட்டனர்.

பொறுப்புள்ள தொண்டு நிறுவனம் இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்கும் கேள்விகள் இவற்றிலிருந்து பிறந்தவையே. இப்பொருள், எந்த நோயை எதிர்த்து நாம் பாடுபடுகிறோமோ அந்நோயை வளர்ப்பதா? நிறுவனத்தின் ஏனைய பொருள்கள் எத்தகையவை? நம் பெயர் விற்பனைக்கு மட்டும் உதவுமா, பொருளையும் திருத்துமா? பணம் நின்றுபோனால் நம்மால் தாக்குப்பிடிக்க முடியுமா? கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. ஒரே நிறுவனத்தின் பணத்தை நம்பி ஊதியம் வழங்கும் அறக்கட்டளையால், அந்நிறுவனம் பிழை செய்யும் நாளில் உரிமத்தை இரத்துச் செய்ய இயலாது. நிதி திரட்டுவோர் ஒரு பக்கமும் பொருளை மதிப்பிடும் மருத்துவக் குழுவினர் மறுபக்கமும் தனித்தனியே இயங்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதும் இதனாலேயே. கையெழுத்திட்ட பிறகும் வேலை தொடர்கிறது: ஒவ்வொரு விளம்பரத்தையும் அச்சேறுமுன் பார்த்து ஒப்புதல் தருதல், கடையிலிருந்தே மாதிரிகளை வாங்கிச் சோதித்தல், விற்பனைக் கணக்கைத் தணிக்கை செய்தல், காலக்கெடு முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஆராய்தல்.

பணம் எவ்வளவு, எப்படி வருகிறது என்பதை வாங்குவோர் அறிவதும் அவசியம். 2010-இல் மார்பகப் புற்றுநோய்க்கான சூசன் ஜி. கோமென் அமைப்பும் கேஎஃப்சி உணவகமும் சேர்ந்து இளஞ்சிவப்பு நிறக் கலங்களில் பொரித்த கோழியை விற்றன. கலத்துக்கு ஐம்பது சென்ட் வீதம் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. உடற்பருமன் மார்பகப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று என்பதை அறிந்தவர்கள் முகஞ்சுளித்தனர். இன்னொரு செய்தியும் உண்டு: கலங்களை உணவகங்கள் கொள்முதல் செய்யும்போதே அத்தொகை கணக்கிடப்பட்டது, வாடிக்கையாளர் கூடுதலாக ஒன்று வாங்கியதால் நன்கொடை நேரடியாக உயரவில்லை. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டம், இவ்வகை விற்பனைக்கு எழுத்துவழி ஒப்பந்தத்தையும், அறநிறுவனத்துக்குச் சேரும் தொகையை வாங்குவோருக்கு அறிவிப்பதையும் கட்டாயமாக்கியது.

நம் நாட்டிலும் இவ்விவாதம் நடந்ததுண்டு. இந்திய மருத்துவச் சங்கம் அறக்கட்டளை அன்று, மருத்துவர்களின் அமைப்பு. எனினும் பிரச்சினை ஒன்றே. 2008-இல் பெப்சிகோ நிறுவனத்தின் டிராபிகானா பழச்சாற்றுக்கும் குவேக்கர் ஓட்ஸுக்கும் தன் சின்னத்தை வழங்க அச்சங்கம் உடன்பட்டது. அது மருத்துவ நெறிக்கு முரணானது என்று 2010-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் முடிவுசெய்தது. ‘மருத்துவர்களால் பரிந்துரைக்கப்பட்டது’ என்ற சொற்களையோ அப்பொருளை உணர்த்தும் வேறு சொற்களையோ உணவுப் பொட்டலத்தில் அச்சிட நம் உணவு விதிகள் இடந்தருவதில்லை. சொல்லுக்குத் தடை இருக்கும்போது சின்னத்துக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேட்டவர்களின் பக்கமே நியாயம் இருந்ததாக நான் கருதுகிறேன்.

இனி நம் நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படும் சில செய்திகள். இச்சின்னங்கள் நலமுள்ள பொதுமக்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. இதயம் தளர்ந்தவருக்கோ, சிறுநீரகம் பழுதானவருக்கோ அவ்வரம்புகள் பொருந்தும் என்று கொள்ள இயலாது. பொட்டலத்தில் காணும் சோடிய அளவு பல சமயம் ஒரு பரிமாறலுக்கானது. ஒரு டப்பாவில் இரண்டு பரிமாறல்கள் இருந்தால் அளவும் இரட்டிப்பாகும். மில்லிகிராமில் தரப்பட்ட சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் ஏறத்தாழ உப்பின் அளவு கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு விதித்துள்ள நாள் வரம்பு 5 கிராம் உப்புக்கும் குறைவு. அதாவது 2000 மில்லிகிராம் சோடியத்துக்கும் குறைவு.

உப்பைக் குறைத்த சில பொருள்களில் சுவைக்காகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. பலருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். இதயச் சின்னம் இதைச் சொல்லாது. பொருட்பட்டியலைப் படித்தால்தான் தெரியும். ‘குறைந்த சோடிய உப்பு’ என்று விற்கப்படும் உப்புக்கும் இது பொருந்தும். இம்மருந்துகளை எடுத்துக்கொள்வோர் அவ்வுப்புக்கு மாறுவதாயின், மாறுவதற்கு முன் எங்களிடமோ உணவியல் வல்லுநரிடமோ ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.