குடில் பொம்மையைச் சில்லறையாகவும் கொடுப்போம்

டிசம்பர் பிறந்தால் புதுவையில் கிறிஸ்தவர் வீடுகளிலும், மிஷன் வீதி சம்பா கோயில் பக்கத்துக் கடைகளிலும் காகித நட்சத்திரம் தொங்கும். ஞானியருக்கு வழிகாட்டிய விண்மீனின் அடையாளம் அது. குடில் வழக்கம் பரவக் காரணமானவர் புனித பிரான்சிஸ் அசிசியார். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் மாட்டுத்தொழுவக் காட்சி அமைத்தார். வழக்கப்படி 24-ந் தேதி நள்ளிரவில்தான் குழந்தை இயேசுவைத் தொட்டிலில் வைப்பர். ஜனவரி 6-ஐ ஒட்டிய திருநாளுக்கு மூன்று ராஜாக்கள் வந்து சேர்வர்.

ஒருமுறை கிறிஸ்துமஸ் கழிந்தபின், ஒரு மூதாட்டி உடைந்த ராஜா பொம்மைக்கு மாற்று கேட்டு வந்தார். "செட்டாகத்தான் தருவோம்" என்றோம். "அம்மா காலத்துக் குடில் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். நமக்கு அது ஒரு பொம்மை. அவருக்குக் குடும்பச் சொத்து.

வணிகப் பெருமக்களே, ஒரு செட்டைப் பிரித்து வையுங்கள். 26-ந் தேதியே சரக்கைப் பரணில் ஏற்ற வேண்டாம்.