முந்திரிக் கொட்டகையும் நிலக்கரிச் சுரங்கமும்

பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுகையில் 'தொழில்' என்னும் ஒரு சொல்லால் பலவற்றைக் குறிக்கின்றோம். பண்ருட்டியில் பத்துப் பெண்கள் அமர்ந்து முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டகையும் தொழிலே. அதே கடலூர் மாவட்டத்தில், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் சுரங்கமும் தொழிலே. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் இயலாது. ஆகவேதான் தொழில்களை வகைப்படுத்துகின்றனர். ஒரு தொழிலுக்குக் கிட்டும் சலுகை யாது, அதன் இலாபம் எவரைச் சேரும், நட்டம் எவர் தலையில் விழும் என்பன அதன் வகையைப் பொறுத்தே அமைகின்றன.

முதலாவது, செய்யும் பணியைக் கொண்டு வகுப்பது. நிலத்திலிருந்து பொருளைப் பெறுவது முதல்நிலைத் தொழில். முந்திரி பயிரிடுதலும் நிலக்கரி வெட்டுதலும் இவ்வகையின. கிடைத்த பொருளை வேறு பொருளாக மாற்றுவது இரண்டாம் நிலை. கொட்டையை வேகவைத்து, ஓடுடைத்து, உலர்த்தி, தோல் நீக்கிப் பருப்பாக்குவதும், நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்குவதும் இதில் அடங்கும். வாணிபம், போக்குவரத்து, வங்கி முதலியவை மூன்றாம் நிலை.

இம்மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மரம் உழவனுடையது, ஆயினும் அவ்விழப்பு அவனோடு நிற்கவில்லை. உடைப்பவரின் கூலி, வியாபாரியின் சரக்கு, வண்டிக்காரரின் வாடகை ஆகிய அனைத்தையும் அது தொட்டது. நட்ட கன்று மரமாகிப் பலன் தரப் பல ஆண்டுகள் வேண்டுமன்றோ?

இரண்டாவது, உடைமையைக் கொண்டு வகுப்பது. தனியொருவர் நடத்தும் தொழிலில் இலாபம் முழுவதும் அவருடையது; கடன் மிஞ்சினால் அவருடைய வீடும் நிலமும் அதற்கு ஈடாகும். கூட்டு வாணிபத்திலும் பங்காளிகளின் பொறுப்பு இத்தகையதே. கம்பெனியிலோ, பங்குதாரர் தாம் எடுத்த பங்கின் அளவுக்கே பொறுப்பாவார். கூட்டுறவுச் சங்கத்தில் முதல் எவ்வளவாயினும் உறுப்பினர்க்கு ஒரே வாக்கு. பங்கு முதலில் நூற்றுக்கு 51க்குக் குறையாமல் அரசு வைத்திருப்பின் அஃது அரசு கம்பெனி எனப்படும்.

நெய்வேலி நிறுவனம் இவ்வகையினது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு இறக்கியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. எனினும் அதனை எடுப்பது எளிதாயில்லை. மேலே தடித்த மண்ணடுக்கு; கீழே பேரழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீர். மண்ணை அகற்றி, நீரை இடையறாது இறைத்த பின்னரே நிலக்கரியைத் தொடலாம். இத்துணைப் பெரிய முதலைப் போட்டு, வருவாயின்றிப் பல ஆண்டு காத்திருக்கத் தனியார் முன்வருவது அரிது. 1956 ஏப்ரல் 30ஆம் நாள் வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசின் பொறுப்பில் வைத்தது. நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டு நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது.

உடைமை என்பது ஏட்டளவுச் செய்தியன்று. 2013இல் நெய்வேலிப் பங்குகளில் ஒரு பகுதியை விற்க மத்திய அரசு முனைந்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே அப்பங்குகளை வாங்கின. பெரும்பான்மைப் பங்கு இன்றும் மத்திய அரசிடமே உள்ளது.

மூன்றாவது, அளவைக் கொண்டு வகுப்பது. 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்பனை 10 கோடிக்கும் மிகாதது குறுந்தொழில். முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி வரை சிறுதொழில். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரத் தொழில். பண்ருட்டியின் சிறிய முந்திரிக் கொட்டகைகள் குறுந்தொழில் எல்லைக்குள் அடங்குவன. இவ்வகையில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் செலுத்த வேண்டுமென 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பதிவு செய்யாதவர் இப்பாதுகாப்பைக் கோருதல் கடினம். ஆகையால் வகை அறிதல் சிறு தொழிலாளிக்குக் கைப்பொருள் போன்றது.

எந்த வகையினதாயினும், கணக்கேட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு. முந்திரி ஓட்டின் எண்ணெய் உடைப்பவர் கையைப் புண்ணாக்கும். நெய்வேலி மின்சாரம் தென்னக மாநிலங்களுக்குச் செல்கிறது; அதற்கு நிலம் கொடுத்தவரோ சில ஊரார் மட்டுமே. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக வயலில் நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு இதனை நாடறியச் செய்தது. அரசுடைமை என்பதனால் மட்டும் நீதி தானே வந்துவிடாது; சிறுதொழில் என்பதனால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது.

எனவே மாணவர்கள் ஒரு தொழிலைக் காணும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுதல் நன்று. அது என்ன செய்கிறது? எவருடையது? எத்துணைப் பெரியது? அதன் சுமையை எவர் தாங்குகின்றனர்? முதல் மூன்றுக்கும் விடை பாடநூலில் உண்டு. நான்காவதற்கு விடை காண, கொட்டகைக்கும் வயலுக்கும் நேரில் செல்லவேண்டும்.