வாங்குமுன் தட்டிப் பாருங்கள், தோழியரே!



மிக்ஸி வாங்கப் போனால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! ஜார் எத்தனை, சத்தம் எப்படி, சர்வீஸ் பக்கத்தில் உண்டா... ஆனால், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண்கள் பலர், மணிக்கணக்கில் விரல் படுகிற கீபோர்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கம்ப்யூட்டரோடு என்ன வந்ததோ, அதை வைத்தே காலம் தள்ளுகிறோம். சமீபத்தில் நான் ஒயர் இல்லாத மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கினேன். அதற்காக நாலு கடை ஏறி விசாரித்ததில் தெரிந்துகொண்ட விஷயங்கள் மற்ற சகோதரிகளுக்கும் உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரை படித்தவள். டைப்ரைட்டிங்கில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். வாக்கப்பட்டு வந்த ஊர் சிவகாசிப் பக்கம். இங்கே ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதிலிருந்து மார்கழி வரை அச்சகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் வருகிற சமையல் குறிப்பு, வீட்டு வைத்தியம், பிறகு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று டைப் செய்து கொடுக்கிறேன். பக்கத்துக்கு 20 ரூபாய். பகல் பொழுது சமையலுக்கும் பிள்ளைகளுக்குமே சரியாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் என் ஆபீஸ் திறக்கும்! வீட்டில் இருப்பதோ ஒரே ஹால். அதில்தான் அத்தையும் படுப்பார்கள்.

பழைய கீபோர்டில் 'ம' எழுத்து விழ வேண்டுமானால் அம்மி கொத்துவதுபோல் குத்த வேண்டும். காரணம் இதுதான்: சாதாரண கீபோர்டில் எல்லாப் பட்டனுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். பெரும்பாலும் பட்டனை அடிவரை அமுக்கினால்தான் எழுத்து விழும். நாளாக ஆக ரப்பர் தளர்ந்துவிடும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி ஸ்பிரிங். பட்டன் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் என்றால், 2 மில்லிமீட்டர் இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும். குத்த வேண்டாம், தொட்டுத் தள்ளினால் போதும்.

ஸ்விட்சுகளை நிறத்தை வைத்துச் சொல்கிறார்கள். செர்ரி என்ற ஜெர்மன் கம்பெனி வைத்த நிற வரிசையைத்தான் மற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. நீலம் என்றால் 'டக் டக்' என்று சத்தம் வரும். பழுப்பு என்றால் அமுக்கும்போது விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும், தனியாக டக் சத்தம் இருக்காது. சிவப்பு என்றால் மேடும் இல்லை, டக்கும் இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும். அதிலேயே சத்தத்தை அடக்க உள்ளே மெத்தை வைத்த 'சைலண்ட்' வகையும் உண்டு.

நான் போன ஒரு கடையில், "தம்பிக்கு கேம் விளையாடவாக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கலர் கலராக லைட் எரிகிற ஒன்றை எடுத்து வைத்தார்கள். "இல்லை, எனக்குத்தான், டைப் அடிக்க" என்றதும் கொஞ்சம் தயங்கிவிட்டு, மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று எடுத்துக் கொடுத்தார்கள்.

நீலத்தில் விரல் வைத்தேன். அப்படியே இன்ஸ்டிடியூட் டைப்ரைட்டர்தான்! நாற்பது மெஷின் ஒன்றாக ஓடிய அந்த ஹால் காதில் கேட்டது. அதை வாங்கிவிடத்தான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அந்தச் சத்தத்தில் யார் தூங்குவது? அத்தை சுகர் மாத்திரை போடுகிறவர்கள், ஒருமுறை விழித்தால் விடிய விடிய தூக்கம் வராது. அவர்கள் தூங்காவிட்டால் மறுநாள் என் ராத்திரி வேலைக்கே தடை வரும். அதனால் சைலண்ட் சிவப்பையே எடுத்தேன். தனி அறை இருக்கிற தோழிகள் தாராளமாக நீலம் வாங்கலாம், எனக்காகவும் சேர்த்துத் தட்டுங்கள்!

இனி, வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

* தமிழ் டைப் செய்பவர்கள் பட்டன்களைப் பாருங்கள். 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 முறையில் ந, ய, ச, ஞ, ழ ஆகிய எழுத்துகள், ஆங்கிலத்தில் அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்புக்குறி, சாய்கோடு இருக்கிற ஓரத்துப் பட்டன்களில்தான் வரும். அழகுக்காக ரொம்பச் சுருக்கிய கீபோர்டுகளில் இந்தப் பட்டன்களைக் குறுக்கியிருப்பார்கள், அல்லது எடுத்தே இருப்பார்கள். 'ழ' இல்லாமல் தமிழ் எழுத முடியுமா?

* கணக்கு எழுதும் வேலை என்றால் வலதுபக்கம் எண்கள் தனியாக இருக்கும் 104 பட்டன் வகை நல்லது. வெறும் டைப்பிங் என்றால் எண்கள் பகுதி இல்லாத 87 பட்டன் போதும். மேஜையில் இடமும் மிச்சம்.

* ஒயர் இல்லாததில் இரண்டு வகை. ஒன்று, கம்ப்யூட்டரில் சொருகும் குட்டி ரிசீவர் கொண்டது. இன்னொன்று புளூடூத். புளூடூத் என்றால் செல்போனிலும் டேப்லெட்டிலும் கூட இணைத்து டைப் செய்யலாம். இரண்டும் இருப்பதாக, கூடவே ஒயர் மாட்டியும் வேலை செய்வதாகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் தீர்ந்தாலும் ஒயரைச் சொருகிவிட்டு வேலையைத் தொடரலாம். ரிசீவருக்குப் பக்கத்துத் துளையிலேயே ஹார்டு டிஸ்க் மாட்டினால் சில சமயம் எழுத்து விட்டுப்போகும். கொஞ்சம் தள்ளிச் சொருகினால் சரியாகிவிடும்.

* லைட் எரிந்தால் சில நாட்களில் சார்ஜ் இறங்கிவிடும். அணைத்து வைத்தால் வாரக்கணக்கில் வரும். நமக்கு எதற்குத் தீபாவளி? அணைத்தே வையுங்கள்.

* இந்தக் கீபோர்டுகள் சற்று உயரமானவை. பின்னால் இருக்கும் காலை மடக்கியே வையுங்கள். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் இருக்க, பழைய பருத்திப் புடவையை இறுக்கமாகச் சுருட்டி உறை தைத்து முன்னால் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் மிச்சம் மீதிச் சத்தமும் அடங்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கீபோர்டு மாற்றினால் கைவலி தீர்ந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். விரல் மரத்துப்போவது, ராத்திரியில் கை எரிவது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* 'ஹாட் ஸ்வாப்' என்று போட்டிருந்தால், ஒரு எழுத்து வேலை செய்யாமல் போனாலும் அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிதை மாட்டலாம். முழுசாகத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

* டீ சொட்டினால் எறும்பு குடிவந்துவிடும். கீபோர்டை அணைத்துவிட்டு, பட்டன் மூடிகளை மட்டும் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் வரிசை மாறாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் மூடிகளை எண்ணி வையுங்கள், வாயில் போட்டுவிடும்.

நான் விசாரித்தபோது விலை சுமார் 2,500 ரூபாயில் தொடங்கி பத்தாயிரத்தைத் தாண்டியும் போனது. நான் வாங்கியது 3,400 ரூபாய். என் கணக்கில் அது 170 பக்கம்! "ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதை எதுக்கு இவ்வளவு குடுத்து வாங்கணும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்டது தப்பில்லை, அவரும் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர். நான் பதில் சொல்வதற்குள் அத்தை சொன்னார்கள்: "தையக்காரி நல்ல மிஷின் வாங்குனா யாராச்சும் கேக்கமா? அதுமாதிரிதான இதுவும்!"

அந்த ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்தது. என் சீட்டுப் பணத்தில்தான் வாங்கினேன். பில்லை என் பெயரில் போடச் சொன்னேன், வாரண்டி அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் வேடிக்கை. இப்போது சத்தமே இல்லாததால், நான் உட்கார்ந்திருப்பது வேலை மாதிரியே யாருக்கும் தெரியவில்லை. "சும்மாதான இருக்க, ஒரு டீ போடேன்" என்கிறார் வீட்டுக்காரர்! அதனால் முடித்த பக்கங்களை காலண்டரில் தினமும் குறித்து வைக்கிறேன். மாதக் கடைசியில் கூட்டிக் காட்டினால் எல்லோருக்கும் தெரிகிறது, எனக்கும்தான்.

தோழியரே, தையல் மெஷினோ, கிரைண்டரோ, கீபோர்டோ, நமக்குச் சோறு போடுகிற பொருள் எதுவானாலும் சரி, "நமக்கு இது போதும்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். லைட்டையும் விலையையும் பார்க்குமுன், உங்கள் விரலுக்குப் பொருந்துகிறதா, உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடையில் நின்று நாலு வரி தமிழ் அடித்துப் பார்த்த பிறகே காசை எடுங்கள். தட்டிப் பார்க்க விடாத கடை என்றால், அடுத்த கடை இருக்கவே இருக்கிறது!

— ஒரு வாசகி, சிவகாசி.