புல்லுக்கு வந்த சோதனை!

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் ரெயில் பாதையில், திருவண்ணாமலையைத் தாண்டியதும் வரும் ஊர் போளூர். அங்கே இறங்கி மேற்கே பாருங்கள். நீல நிறத்தில் நீண்டு கிடக்கிறதே, அதுதான் ஜவ்வாது மலை. பஸ் ஏறினால் வளைந்து வளைந்து ஜமுனாமரத்தூருக்குக் கொண்டு சேர்த்துவிடும். சாமைக்கும் பலாவுக்கும் தேனுக்கும் பேர்போன இடம்.

மலைப் பாதையின் ஓரத்தில் ஒரு செடி உங்கள் கண்ணில் படாமல் போகாது. மஞ்சளும் ரோஜா நிறமும் கலந்த சின்னஞ்சிறு பூக்கொத்து. "அம்மா, எனக்கு அந்தப் பூ!" என்று குழந்தை கேட்கும். அதற்கு உண்ணிச்செடி என்று பெயர். பூ பூத்தவுடன் மஞ்சளாக இருக்கும்; அப்போதுதான் அதில் தேன் உண்டு. மகரந்தம் சேர்ந்த பிறகு நிறம் மாறிவிடும். "இங்கே இனி ஒன்றுமில்லை, அடுத்த பூவுக்குப் போ" என்று வண்ணத்துப்பூச்சிக்குச் சொல்லும் சாமர்த்தியம்!

இவ்வளவு கெட்டிக்காரச் செடி நம் ஊர்ச் செடி அல்ல. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து ஐரோப்பியர் கொண்டுபோய்த் தோட்டத்தில் வளர்த்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அலங்காரத்துக்காக வந்தது. கொண்டைக்குருவியும் மைனாவும் அதன் கறுத்த பழத்தைத் தின்று விதையை எங்கெங்கோ போட்டன. இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பிரதேசத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இது பரவியிருப்பதாக 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

"ஏதோ ஒரு புதர், இருந்துவிட்டுப் போகட்டுமே!" என்கிறீர்களா? அது எங்கே முளைக்கிறதோ, அங்கே புல்லின் கதி என்னவென்று பார்க்க வேண்டும்.

புல் லேசுப்பட்டதல்ல. மரத்துக்கு வளரும் குருத்து உச்சியில் இருக்கிறது. புல்லுக்கோ தரையை ஒட்டி ஒளிந்திருக்கிறது. மாடு மேய்ந்தாலும், அரிவாளால் அறுத்தாலும், கோடைத் தீயில் கருகினாலும் நுனிதான் போகும். ஒரு மழை பெய்தால் மறுபடி பச்சை. ஆனால் வெயில் இல்லாவிட்டால் மட்டும் அதற்குப் பிழைப்பில்லை. உண்ணிச்செடி அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஆளுயரத்துக்கு வளர்ந்து, பின்னிப் பிணைந்து, கீழே இருட்டாக்கிவிடுகிறது. அதன் இலையில் விஷம் இருப்பதால் மாடு வாய் வைப்பதில்லை. மிச்சமிருக்கும் புல்லைத்தான் ஒட்ட மேய்கிறது. ஆக, எதிரிக்கு நம் மாடே உதவி செய்கிறது!

காற்றும் மாறிவிட்டது. 1960-ல் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 317 பங்கு. இப்போது 420-க்கும் மேல். வெப்பநாட்டுப் புற்கள் அந்த வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிச் சமைக்கும் வித்தை தெரிந்தவை. கொஞ்சத்தை வைத்துக் குடும்பம் நடத்தும் மாமியார் மாதிரி! வாயு பெருகியபோது அதனால் அவற்றுக்கு அதிக லாபமில்லை. அந்த வித்தை தெரியாத புதருக்கும் மரத்துக்கும்தான் யோகம்.

இதே சங்கடம் பழனி மலையில் வேறு உருவத்தில் வந்தது. அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் தோட்டம் தோட்டமாக நடப்பட்டன. புல்வெளி சும்மா கிடக்கும் பூமி என்ற எண்ணம்தான் காரணம். அரசாங்கக் கணக்கில் பல புல்வெளிகள் இன்னமும் தரிசு என்ற தலைப்பில்தான் வருகின்றன. 1973-லிருந்து 2014-க்குள் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்குமாகப் போய்விட்டது. நீலகிரியில் தோடர்கள் கோயில் கூரை வேய்வதற்கென்றே ஒரு புல் சதுப்பில் வளர்கிறது. அதைத் தேடி இப்போது வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. புல் போனால் கூரையும் போகிறது. தீவனக் கட்டைத் தலையில் சுமக்கும் பெண்ணின் நடையும் நீளுகிறது.

சரி, புதரை வெட்டிப் போட்டால் தீராதா? தீராது. வெட்டிய இடத்தில் இரட்டிப்பாய்த் துளிர்க்கும். டில்லிப் பல்கலைக்கழகத்துத் தாவர நிபுணர் சி. ஆர். பாபு குழுவினர் ஒரு வழி கண்டார்கள். தண்டும் வேரும் சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே மண்ணுக்குள் வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். மழைக்கு முன் செய்வது நல்லது. தமிழக அரசும் அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்று 2022-ல் ஒரு கொள்கை வகுத்தது.

பிடுங்கிய குச்சியை என்ன செய்வது? கூடலூர்ப் பக்கத்து ஆதிவாசிக் கலைஞர்களைக் கேளுங்கள். குச்சியை வேகவைத்து, பட்டையை உரித்து, வளைத்துப் பின்னி நிஜ அளவில் யானை செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. ஊரே வேடிக்கை பார்த்தது.

பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. பழைய விதை மண்ணுக்குள் காத்திருக்கும். சில வருஷங்கள் மழைக்குப் பின் போய் முளைத்ததைக் கையால் பிடுங்க வேண்டும். கூடவே அந்த மலையிலேயே சேகரித்த புல் விதையைத் தூவி, வேர் பிடிக்கும் வரை மாட்டை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.