உங்களுக்குத் தெரியுமா? மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

"அண்ணே, இடுப்பு வலிக்கு நாலு மாத்திரை குடுங்க." பழவேற்காடு என்றில்லை, கடலோரத்தில் எந்த ஊர் மெடிக்கலிலும் காலையும் மாலையும் கேட்கிற குரல்தான். டாக்டர் சீட்டு இருக்காது, பில்லும் இருக்காது. கடைக்காரர் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். கைக்கு வந்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். பேட்ச் எண் கடையிலேயே தங்கிவிடும். அந்த மாத்திரை எங்கே தயாராகி, யார் கை வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க உதவும் எண் அது. மருந்தைக் காக்க வேண்டியவர்களே அதைக் களவாடி விற்கும்போது முதலில் மறைவதும் அந்த எண்தான். இந்த வாரத் துணுக்குகள் அந்தக் களவைப் பற்றியே.

● அரசு ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் அரசு வழங்கல் என்றும் விற்பனைக்கு அல்ல என்றும் அச்சிட்டிருக்கும். அதைத் தனியார் கடை விற்பது குற்றம் என்று பலருக்கும் தெரியும். விற்காமல் கடை அலமாரியில் வைத்திருந்தாலே குற்றம் என்பது தெரியுமா? 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. இ.எஸ்.ஐ., ராணுவம், மத்திய அரசு மருந்துக் கிடங்குகள், மற்ற அரசு நிறுவனங்கள் என எதற்காக வாங்கிய மருந்தானாலும் சரி, அந்த அடையாளம் இருந்தால் உரிமம் பெற்ற கடைக்குள் அதற்கு இடமில்லை. டாக்டர்களுக்கு இலவசமாகத் தரும் சாம்பிள் மருந்துக்கும் இதே விதிதான். எழுத்துப்பூர்வமாக அங்கீகாரம் பெற்ற கடைகள், விநியோகஸ்தர்கள் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

● அந்த அச்சு வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி மாத்திரைகள் டப்பாவில் மொத்தமாக வரும். எண்ணி, பொட்டலம் மடித்துக் கொடுப்பார்கள். வெள்ளை மாத்திரை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். டப்பாவிலிருந்து ஒரு பிடி குறைந்தால் எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. 1994-ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. மறு ஆண்டே மாநிலம் முழுவதற்குமான மருந்துகளை ஒரே இடத்தில் கொள்முதல் செய்யத் தொடங்கியது. மாத்திரைகள் அட்டையில் அடைத்து, கழகத்தின் முத்திரையோடுதான் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதுவரை திருடியவன் மாத்திரையை மறைத்தால் போதும். அதன்பின் அச்சையும் மறைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு ஏற்பாடு பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இவ்வளவு தொகைக்கு மருந்து என்று கணக்கு வைத்து, மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கப் புத்தகத்தில் கழித்துக்கொண்டே வருவார்கள். வங்கிக் கணக்கைப் போல. கிடங்குக்கு வரும் மருந்தின் மாதிரிகளைத் தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கேரளமும் ராஜஸ்தானும் இந்த முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. தமிழ்நாட்டு நிர்வாகம் நாட்டுக்குக் கொடுத்த நல்ல விஷயங்களில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பள்ளிப் பாடத்தில்கூட வரலாம்.

● கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரி வரை கணக்கு கெட்டி. கடைசி நூறு அடியில்தான், அதாவது ஸ்டோர் ரூமிலிருந்து நோயாளியின் கைக்குப் போகும் வழியில்தான், ஓட்டை விழும். நோயாளிக்குப் பத்து மாத்திரை கொடுத்துவிட்டு முப்பது என்று எழுதுவது பழைய வழி. வராத நோயாளியின் பெயரில் எழுதுவது இன்னொன்று. காலாவதியாகிவிட்டது, உடைந்துவிட்டது என்று கழிப்பது மூன்றாவது. மூன்றிலும் கணக்கு நேராகத்தான் இருக்கும். அலமாரி காலியாக இருக்கும்.

● அந்தக் காலி அலமாரி பழவேற்காட்டில் என்ன செய்யும்?

ஏரியில் பாடு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் சுத்து வலை போடும் இடத்தையும் நாளையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு என்றால் இன்றுதான். விட்டால் அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு நாளில் "சுகர் மாத்திரை வரலை, பொன்னேரிக்குப் போங்க" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். பஸ் காசு போகும், பாடும் போகும். பெரும்பாலானவர்கள் பாட்டைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மாத்திரை நின்றுபோகும். மருந்து தீர்வதற்கு எப்போதும் திருட்டுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், சப்ளை தாமதமாவதும் உண்டு. ஆனால் ஸ்டோரிலிருந்து ஒரு பெட்டி காணாமல் போனால் அதன் விலையைக் கட்டுகிறவர் இந்த மீனவர்தான்.

● வேலை பார்க்கும் இடத்தில் முதலாளியின் பொருளைத் திருடும் ஊழியருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 306-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. அரசு ஊழியர் தன் பொறுப்பில் ஒப்படைத்த பொருளைக் கையாடினால் 316-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை போகலாம். தனியார் மெடிக்கல் ஊழியரின் திருட்டும் அரசு மருந்தாளுநரின் கையாடலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றில்லை.

● மருந்து ஸ்டாக் லெட்ஜர் ஒன்று கல்லிலேயே இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. அங்கிருந்த வீரசோழன் ஆதுலசாலையில் 15 படுக்கைகள். மருத்துவருக்கு எவ்வளவு நெல், மூலிகை கொண்டுவருபவருக்கு எவ்வளவு, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு எவ்வளவு, இரவு விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதோடு, இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராக அளவோடு இருக்கின்றன. தசமூல ஹரீதகி, கல்யாண லவணம் என்று பட்டியல் போகிறது. ஸ்டோர் ரூமில் என்ன இருக்க வேண்டும் என்பது கோயில் சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் அன்றாட மருந்து இருப்பை எழுதிப் போட வேண்டும் என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

● நியூயார்க்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத் தலைவர் 2009 முதல் 2014 வரை எடுத்துச் சென்ற ஆக்ஸிகோடோன் வலி மாத்திரைகள் கிட்டத்தட்ட 2 லட்சம். ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பினோம் என்று கணினியில் பதிந்துகொண்டே எடுத்திருக்கிறார். கணக்கு எழுதுகிறவரும் சாவி வைத்திருப்பவரும் ஒருவராக இருந்தால் கணினியும் காவல் இல்லை.

● வலி மாத்திரை ஏன் இத்தனை திருட்டுக்கு ஆளாகிறது? வாங்குபவர் இரண்டு வகை. ஒருவருக்கு உண்மையிலேயே வலி. மணிக்கணக்கில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் முதுகைக் கேட்டுப் பாருங்கள். இன்னொருவர் போதைக்காக வாங்கும் இளைஞர். டிரமடால் மாத்திரையை 2018 ஏப்ரலில் மத்திய அரசு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கள்ளச் சந்தை டேபென்டடால் பக்கம் திரும்பியது. சென்னைப் போலீஸ் செய்திகளில் "உடல்வலி நிவாரண மாத்திரை" என்று அடிக்கடி வருவது இதுதான். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்த்த மாவுப் பொருள் கரையாது. அது ரத்தக் குழாயில் போய் நுரையீரலில் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வரும். நம் பிள்ளைகள் இவர்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

● அதே டேபென்டடாலை இன்னொரு மருந்தோடு கலந்து இந்தியக் கம்பெனி ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதை 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளியிட்டது. அந்த மாத்திரைகள் கானாவிலும் நைஜீரியாவிலும் தெருக்களில் விற்றன. அந்தக் கலவையின் ஏற்றுமதிக்கான அனுமதியை இந்திய அரசு ரத்து செய்தது.

● தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, காசநோய் மருந்து, வீரியமான ஆன்டிபயாட்டிக் போன்றவை எச்-1 பட்டியலில் வரும். 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. தொடங்கும்போது 46 மருந்துகள். இவற்றை விற்கும் கடை தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். "சீட்டு இல்லாம தர மாட்டேன்மா" என்று சொல்லும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். இருப்பதிலேயே நல்ல கடை அதுதான்.

● 2021 ஏப்ரல் கடைசி. கொரோனா இரண்டாம் அலை. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் குப்பி ஒன்றை அரசு சுமார் 1,500 ரூபாய்க்கு விற்றது. விடிய விடிய வரிசை. வெளியே அதே குப்பி 20,000 ரூபாய் வரை போனது. கைதானவர்களில் மருந்தக ஊழியர்கள் இருந்தார்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருந்தார்கள், டாக்டரும் இருந்தார். பதுக்குவோர் மீது குண்டர் சட்டம் பாயும் என்று மே மாதம் அரசு அறிவித்தது. அந்த மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது என்பதை, நகையை அடகு வைத்து வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

● காலிக் குப்பிக்கும் விலை உண்டு. 2024 மார்ச்சில் டெல்லிப் போலீசார் பிடித்த கும்பலில் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் மருந்தக ஊழியர்கள் இருந்தார்கள். விலை உயர்ந்த புற்றுநோய் ஊசியின் காலிக் குப்பியை 5,000 ரூபாய் அளவுக்கு விற்றிருக்கிறார்கள். அதில் மலிவான பூஞ்சைக்கொல்லி மருந்தை நிரப்பி, லட்சக்கணக்கில் விற்றிருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது இப்படிப்பட்ட ஊசி போட்டால், காலிக் குப்பியின் லேபிளை உங்கள் கண்முன் கிழிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

● 1949-இல் வெளியான 'தி தேர்ட் மேன்' திரைப்படத்தின் கதையே இதுதான். போருக்குப் பிந்தைய வியன்னாவில், ராணுவ ஆஸ்பத்திரி ஊழியர்கள் திருடிய பெனிசிலினில் தண்ணீர் கலந்து விற்கிறான் ஒருவன்.

● திருட்டு இன்சுலின் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். பையில் வைத்துக் கொண்டுவந்தவர் எத்தனை நாள் எந்த வெயிலில் வைத்திருந்தார் என்று பார்த்தால் தெரியாது. கெட்ட இன்சுலினும் பல நேரம் நல்லதைப் போலவே தெளிவாக இருக்கும்.

● கடல் வழியும் இருக்கிறது. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் காப்ஸ்யூல்கள் தமிழகக் கரையிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்படுகின்றன. கற்பிட்டி, மன்னார்ப் பகுதிகளில் இலங்கைக் கடற்படை பலமுறை பிடித்திருக்கிறது. ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று மீனவரிடம் ஆசை காட்டுகிறவர் படகில் ஏற மாட்டார். சிறைக்குப் போகிறவர் மீனவர்தான்.

● பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள். சட்டம் மட்டும் ஒன்று, 1940-ஆம் ஆண்டுச் சட்டம். ஆந்திராவின் தடா பக்கம் வாங்கிய மாத்திரையில் சந்தேகம் வந்தால் புகார் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். பில் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் என்பதே நிரூபணம் ஆகாது.

● 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூ.ஆர். கோடு கட்டாயம். செல்போனில் காட்டினால் கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி வரும்.

● 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பாட்டை விட முடியாதவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. தன்னார்வலர் அக்கா வரும்போது அட்டையை முழுதாக வாங்குங்கள், அவர் முன்னாலேயே எண்ணுங்கள். எண்ணுவது அவருக்கும் பாதுகாப்பு. மெடிக்கலில் நாலு மாத்திரைதான் வாங்குவதாக இருந்தாலும், எண் இருக்கும் முனையை விட்டு மறுமுனையில் கத்தரிக்கச் சொல்லுங்கள். கத்தரிப்பதற்கு முன் முழு அட்டையின் பின்பக்கத்தையும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு முத்திரை கண்ணில் பட்டால் அந்தப் படத்தோடு மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.